காட்டுச்சேனை காய்த்த வருடம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, ஒரு பகலில் தபால்காரர் வந்தார். கையில் சிறிய பார்சல் ஒன்று. என் கணவரின் பெயருக்கு வந்தது. தபால்காரர் வாசலிலேயே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார் பேருக்கு வந்திருக்குதும்மா. திருப்பி அனுப்பிடட்டுமா?"

"குடுங்க" என்றேன்.

திருப்பி அனுப்புவதென்றால் காரணம் எழுத வேண்டும். வாங்கிக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் ஈரமான தேங்காய்நார்த் தூள், அதற்குள் சில விதைகள். கூடவே இருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு லத்தீன் பெயர், அடைப்புக்குறிக்குள் கீரிக்கிழங்கு, கீழே 'தாமதிக்காமல் விதைக்கவும்' என்று ஆங்கிலத்தில். அனுப்பியிருந்தவர் பாலக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் பெண். கவரை மூடி ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டேன்.

என் கணவர் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். பியூஸ் கட்டைகளுக்குப் பளபளப்பு ஏற்றும் பகுதி. விருத்தாசலத்தில் தெருவுக்கு நாலு பேர் அந்த மாதிரி வேலைதான் பார்ப்பார்கள். சாயங்காலம் வெள்ளைத் தூசு படிந்த சட்டையோடு வந்து, காபி குடித்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய்விடுவார். அங்கேதான் அவருடைய தொட்டிகள் இருந்தன. சேனை, சேம்பு, அந்தூரியம், மணி பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம் என்று கல்யாணமான புதிதில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இலையும் அளவும் எப்படி வேண்டுமானாலும் மாறும். பூ மட்டும் ஒரே மாதிரி. ஒரு மடல், அதன் நடுவே ஒரு தண்டு. அந்தக் குடும்பத்தில் அபூர்வமானவை எவை, யாரிடம் இருக்கின்றன என்று தேடுவதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. பாலக்கரையில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத மனிதர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவார். அவர்கள் விதை அனுப்புவார்கள், இவர் கிழங்கு அனுப்புவார். செடியின் பெயரைக் களிமண் பட்டையில் கீறி, கம்பெனிச் சூளையிலேயே சுட்டு எடுத்து வந்து தொட்டியில் குத்தி வைப்பார். மழையில் அழியாது.

நான் அதில் கலந்துகொண்டதில்லை. கடைவீதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காலையில் போனால் ஊசி, குழாய், மைக்ராஸ்கோப் என்று பொழுது போய்விடும். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா.

மாசி மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டோ பிடித்தோம். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய தலை என் தோளில்தான் இருந்தது. ஆட்டோக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் சொன்னேன்.

எனக்கு அழுகை வரவில்லை. சித்தி முறையாகும் ஒருத்தர் என் முதுகைத் தட்டி, "அழுதுடும்மா, உள்ள வச்சிக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே எதையும் வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். காரியம் முடிந்த மறுவாரமே வேலைக்குப் போனேன். ஊசி குத்தும்போது கை நடுங்கவில்லை.

ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்த கவரை ஒரு நாள் தூசு தட்டும்போது எடுத்தேன். விதைகளிலிருந்து வெள்ளை வேர் கவரை ஒட்டி நீண்டிருந்தது. இந்தக் குடும்பத்து விதைகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது, வந்த சூட்டில் விதைக்காவிட்டால் செத்துப்போகும் என்று அவர் சொல்வதுண்டு. கவரைப் பிரித்துக் குப்பையில் கொட்டியிருக்கலாம். கை என்னவோ பின்கட்டுக்குத்தான் போனது. ஒரு தொட்டியில் உடைந்த பியூஸ் கட்டைத் துண்டுகளைப் போட்டு, மண் நிரப்பி, விதைத்துத் தண்ணீர் ஊற்றினேன். விருப்பத்தோடு செய்தேன் என்று சொல்ல முடியாது. பால் பொங்கினால் அடுப்பை அணைப்பதில்லையா, அப்படி.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு பார்சல்கள் வந்தன. அனுப்புகிறவர்களுக்கு விஷயம் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். படிக்காத மெயில்கள் வரிசையாக நின்றன. 'இவர் இறந்துவிட்டார். இனி விதை அனுப்ப வேண்டாம். நன்றி' என்று ஆங்கிலத்தில் ஒரே வாசகத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். கீழே என் பெயரையும் வீட்டு போன் நம்பரையும் போட்டேன்.

மறுநாளே அந்தப் பாலக்காட்டுக்காரப் பெண் கூப்பிட்டார். பேங்கில் வேலை, என் வயதுதான் இருக்கும். மலையாளம் கலந்த தமிழ். "நான் எந்து சொல்லணும்னு அறியலை" என்றார்.

"பரவாயில்லைங்க."

"அந்த விதை... கெட்டுப் போயிருக்கும் இல்லே?"

"இல்லைங்க. வேர் வுட்டிருந்துச்சு. மண்ணுல போட்டுட்டேன்."

"நீங்களா போட்டீங்க?"

"ஆமாங்க."

அப்புறம், தயங்கித் தயங்கி இன்னொரு விஷயம் கேட்டார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து என் கணவர் ஒரு காட்டுச்சேனை கொண்டுவந்தாரே, அது இருக்கிறதா? அது மிக அபூர்வமான வகையாக இருக்கலாம் என்று இவருக்கு எழுதியிருந்தாராம். காய்த்தால் விதை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாராம்.

எனக்கு அது ஞாபகம் இருந்தது. சுரங்கத்துக்காக நிலம் எடுத்த ஒரு கிராமத்தில், கம்பெனியில் கூட வேலை செய்பவருடைய கொல்லை இருந்தது. வீட்டைக் காலி செய்யும்போது ஒத்தாசைக்குப் போன என் கணவர், வேலியோரம் இருந்த இரண்டு கிழங்குகளைத் தோண்டி, சாக்கில் சுற்றி டூவீலரில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பெரிய தொட்டிகளில் வைத்தார். லத்தீன் பெயர் எழுதி, சூளையில் சுட்ட பட்டையையும் குத்தினார். "இது மட்டும் அதுவா இருந்துச்சுன்னா, நம்ம தொட்டியிலதான் பாதுகாப்பா இருக்கும்" என்றார். அந்த இடம் இப்போது பெரிய பள்ளம்.

"தொட்டி இருக்குது. செடி ஒண்ணும் இல்லைங்க, வெறும் மண்ணுதான்" என்றேன்.

"அது உறங்குது. கிழங்கு அடியில இருக்கும். கோடை மழை பெஞ்சா முதல்ல பூ வரும், பிறகுதான் இலை. தொட்டியை மாத்திரம் கொட்டிடாதீங்க."

கொட்டவில்லை. என் மாமியார்தான் ஒன்றிரண்டு முறை, "வெறுந்தொட்டியை எதுக்கும்மா அடைச்சி வச்சிக்கிட்டு? கவுத்துட்டாக்கூட எடம் கெடைக்கும்" என்றார். "இருக்கட்டும் அத்தை" என்றேன்.

கத்திரி வெயில் நடுவில் ஒரு மழை பெய்தது. சில நாட்களில் ஒரு தொட்டியில் மண்ணைப் பிளந்துகொண்டு முனை ஒன்று வந்தது. நான் அதைத் தினமும் பார்த்தேன், ஆனால் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வருகிறேன், என் மாமியார் கட்டிலை நகர்த்திவிட்டு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு டீச்சரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எலி செத்துக் கெடக்குதும்மா எங்கியோ. ஊரே நாறுது, ஒனக்குத் தெரியலயா?" என்றார் மாமியார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பூ விரிந்திருந்தது. பழுப்பும் ஊதாவுமாக ஒரு மடல், நடுவில் முழங்கை நீளத்துக்குத் தண்டு, மடலைச் சுற்றி ஈக்கள். பின்னாலேயே வந்த மாமியார் நிலைப்படியைத் தாண்டவில்லை. "இதுவா? அடக் கடவுளே, பொண வாடைடீம்மா இது" என்றார்.

நான் குனிந்து மடலுக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை இழுத்தேன். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் முகத்தை வைத்தது மாதிரி இருந்தது. அப்போதுதான் யோசித்தேன்: காபி வாசனை, லேபில் ஸ்பிரிட் வாசனை, மாமியாரின் தைலம், எதுவும் எனக்கு இத்தனை மாதமாக வந்ததாக ஞாபகம் இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு எப்போதோ அது தானாகத் திரும்பி வந்துவிட்டது. அந்த நாளும் எனக்கு நினைவில்லை.

பாலக்காட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரல் உயர்ந்துவிட்டது. இன்றைக்கு அடியிலுள்ள பெண்பூக்கள் மட்டும்தான் தயாராக இருக்கும், மகரந்தம் நாளைக்குத்தான் உதிரும், அதற்குள் பெண்பூக்கள் வாடிவிடும் என்றார். ஒரு பூ தனக்குத் தானே காய்க்காது. இன்னொரு தொட்டியும் பூத்தால்தான் உண்டு.

"இன்னொண்ணுல முனை தெரியுது. ஆனா இன்னும் சின்னது" என்றேன்.

"அப்போ மகரந்தத்தை எடுத்து வைக்க முடியுமா? ஈரம் படக் கூடாது. ஃபிரிட்ஜில வைக்கணும்."

"அதெல்லாம் பண்ணலாங்க. ரத்த சாம்பிளே வச்சிப் பழக்கம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சிரித்ததில் தவறில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டேன். தண்டின் நடுப்பகுதியிலிருந்து மஞ்சள் நூல் நூலாக மகரந்தம் பிதுங்கியது. அதைக் காகிதத்தில் தட்டி, நிழலில் ஆறவைத்து, லேபிலிருந்து கொண்டுவந்த சுத்தமான சீசாவில் அடைத்து, தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தேன். டீச்சரம்மா மாமியாரிடம், "அதை வெட்டி எறியச் சொல்லுங்க, வூட்டுல ஏற்கெனவே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது காதில் விழுந்தது. மாமியார் பதில் சொன்னது அதைவிட நன்றாகக் கேட்டது.

"எம்புள்ள வச்சது. ரெண்டு நாளைக்கு நாறினா நாறிட்டுப் போவுது."

அன்று அவர் பின்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிடித்துக்கொண்டேன். என் கை சும்மா அங்கே இருந்தது.

அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வாரம் இரண்டாவது தொட்டி பூத்தது. விரிந்த அன்று சாயங்காலமே, மடலின் அடிப்பகுதியில் பிளேடால் ஜன்னல் மாதிரி ஒரு துண்டு வெட்டினேன். உள்ளே பெண்பூக்கள் முத்துமுத்தாக அடுக்கியிருந்தன. சின்ன பிரஷ்ஷால் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, டிஜிட்டல் கேமராவில் அந்த ஜன்னலுக்குள் கிட்டத்தில் படம் எடுக்கச் சொன்னேன். அவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. படங்களைப் பாலக்காட்டுக்காரருக்கு அனுப்ப, அவர் இந்தச் செடிகளையே ஆராயும் ஒருவருக்கு அனுப்பினார். இலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். பெண்பூவின் கழுத்து எவ்வளவு நீளம், தண்டின் உருவம் எப்படி, இதையெல்லாம் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டுமாம்.

பதில் வர ஆடி மாதம் ஆகிவிட்டது. பாலக்காட்டுக்காரர் போனில் சுற்றி வளைத்தார். மழை எப்படி, மாமியாருக்கு உடம்பு எப்படி என்றெல்லாம் விசாரித்தார்.

"அது இல்லைங்களா?" என்று நானே கேட்டேன்.

"இல்லே. அவர் நினைச்சது இல்லே. இது வறண்ட காடுகள்ல பல இடத்திலயும் உள்ளதுதான்."

"சரிங்க."

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

இருந்ததா என்று பார்த்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, பட்டையில் அழகாகக் கீறிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு எழுதுவார். அவ்வளவுதான் வந்தது.

"அப்ப விதை உங்களுக்கு வேணாங்களா?" என்றேன்.

"ஐயோ, வேணும். அபூர்வம்னு ஆனாத்தான் வேணுமா? அந்த இடம் இப்ப இல்லியே. அந்த இடத்துச் செடி உங்க வீட்டில மாத்திரம்தான். நாலு பேர்கிட்ட இருந்தா ஒருத்தர்கிட்ட போனாலும் மத்தவங்ககிட்ட நிக்கும்."

தவறான பெயர் இருந்த பட்டையைப் பிடுங்கிக் கழுவி அலமாரியில் வைத்தேன். சரியான பெயரை ஐஸ்கிரீம் குச்சியில் மார்க்கரால் எழுதிக் குத்தினேன். ஒரே மழையில் அழிந்தது. மறுபடி எழுதினேன்.

கீரிக்கிழங்கு நாற்றுகள் எங்கள் ஊர்ச் சூட்டைத் தாங்கவில்லை, ஒவ்வொன்றாகக் கருகின. காட்டுச்சேனை மட்டும் காய்த்தது. புரட்டாசியில், கனத்த சோளக்கதிர் மாதிரி ஒரு தண்டு முழுக்கப் பழங்கள், மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டு வந்தன. இன்னும் சில நாள் விட்டால் எல்லாம் பழுத்துவிடும், அப்புறம் எடுக்கலாம் என்று இருந்தேன்.

நவராத்திரி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வேலையிலிருந்து வந்து பார்த்தால் தண்டு இல்லை. அடியோடு அறுத்திருந்தது.

"டீச்சரம்மா கேட்டாங்க. கொலுவுல வைக்கணும்னு. செவப்பா அம்சமா இருக்குதுன்னாங்க, குடுத்துட்டேன்" என்றார் மாமியார்.

"அது விதைக்கு வச்சிருந்தது அத்தை."

"சொல்லலியே நீ."

சொல்லவில்லைதான். தொட்டியைச் சுற்றிச் சில பழங்கள் உதிர்ந்து நசுங்கிக் கிடந்தன. அவற்றைக் குனிந்து பொறுக்கினேன். லேபிலிருந்து கையுறை எடுத்து வைத்திருந்தேன், போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். என் கணவர் போன பிறகு அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, யார் வீட்டுக்கும் நான் போயிருக்கவில்லை.

கூடத்தில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கொலுப்படியில் கல்யாண செட்டுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில், ஒரு பீங்கான் ஜாடியில் அந்தத் தண்டு செருகியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது.

"டீச்சர், அது விதைங்க. வெளியூருக்கு அனுப்புறதா சொல்லியிருக்கேன். முடிஞ்சதும் எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. யாரும் தொட வேணாம், அரிக்கும்" என்றேன்.

"ஐயய்யோ, தெரியாமப் போச்சே. இப்பவே எடுத்துக்கறியாம்மா?"

"இல்லைங்க. இருக்கட்டும். பழம் உதிராம இருந்தா போதும்."

திரும்பப் போனவளை, "இரு" என்று நிறுத்தினார். யாருக்கோ கொடுக்க வைத்திருந்த தட்டு கையில் இருந்தது. வெற்றிலை, சுண்டல், குங்குமச் சிமிழ். சிமிழை எடுத்தார். எடுத்த பிறகு நான் யாரென்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. உட்கார்ந்திருந்த பெண்கள் கொலுவைப் பார்த்தார்கள். அவர் சிமிழை வைத்துவிட்டார். பிறகு மறுபடியும் எடுத்து, என் பக்கம் நீட்டி, "எடுத்துக்கம்மா" என்றார்.

எனக்கு அவமானமாகவும் இல்லை, நெகிழ்ச்சியாகவும் இல்லை. உள்ளங்கைகள் மட்டும் பயங்கரமாக அரிக்க ஆரம்பித்திருந்தன.

"கையெல்லாம் அந்தப் பழம் பட்டிருக்குதுங்க டீச்சர். நான் தொட்டா குங்குமத்துல ஒட்டிக்கும். அப்புறம் எல்லாருக்கும் அரிக்கும்" என்றேன்.

மூலையில் இருந்த ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரம்மாவுக்கும் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சுண்டலைப் பொட்டலமாக மடித்து, என் கையில் தராமல், என் புடவை மடிப்பில் செருகிவிட்டார்.

விஜயதசமி முடிந்ததும் தண்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை கையுறை போட்டுக்கொண்டேன். பழத்தோலை நீக்கி, சதையை அலசி, விதைகளை ஈரத் துணியில் பரப்பினேன். அலசும்போது மிதந்தவற்றைத் தள்ளிவிட்டேன். ஒரு விதையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையும் பச்சையுமாகக் கெட்டியாக இருந்தது. விதை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்தூளில் பொதிந்து கவர்களில் போட்டேன். சரியான லத்தீன் பெயர், கீழே 'கம்மாபுரம் அருகே', அனுப்புநர் இடத்தில் என் பெயர். போஸ்ட் ஆபீஸில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சேனை விதை என்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் போன் அடித்தது. பாலக்காட்டுக்காரர்.

"முளைச்சாச்சு. எல்லாம் இல்லே, பாதிக்கு மேலே. நீங்க விதை அனுப்பின மெட்ராஸ்காரரும் எழுதியிருக்கார், அவருக்கும் வந்தாச்சு."

"சரிங்க."

"நீங்க ஒரு தடவை இங்கே வரணும். வந்து பார்க்கணும்."

"பாக்கலாங்க" என்றேன். போகவில்லை. அந்த வருடமும் போகவில்லை, அடுத்த வருடமும்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரும்மா போன்ல?"

"விதைக்காரங்க."

"என்னாவாம்?"

"முளைச்சிடுச்சாம்."

அவர் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முளைக்கட்டும். ஒலை கொதிக்குது பாரு, அரிசியைக் களைஞ்சி போடு" என்றார். நான் அரிசிப் பானையைத் திறந்தேன்.